கட்டாத பலகைக்கு ஒரு கட்டு

பனியில் சறுக்கும் ஸ்கேட்போர்டான ஸ்னோஸ்கேட்டில் காலைக் கட்டும் வேலையே கிடையாது. ஸ்னோபோர்டில் இரண்டு பூட்ஸையும் பலகை மேல் உள்ள பைண்டிங் என்ற பிடியில் இறுக்கிப் பூட்டுவார்கள். ஸ்கீயில் குதிகாலை அழுத்தினால் பூட்ஸ் பலகையோடு சேர்ந்துகொள்ளும். ஸ்னோஸ்கேட்டில் சும்மா ஏறி நிற்க வேண்டும், சரிவில் விட வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மூட்டு முறுக்கிக்கொள்வதில்லை. தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டிய பழக்கம் உள்ளவர்களுக்குப் பனியில் இதைவிட நெருக்கமான சாமான் வேறு இல்லை.

இறங்கும்வரை எல்லாம் சரி. ஏறுவதற்குத்தான் சேர்லிஃப்ட் வேண்டும், கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஆளை மலைமேல் ஏற்றும் இயந்திரம். அங்கே போய் நின்றால் அந்த ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, “இதைக் காலில் எப்படிக் கட்டுவீர்கள்?”

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்றைத் தேடிப் பல குளிர்காலங்கள் போய்விட்டன. கடைசியில் கிடைத்த பதில் ரொம்ப எளிமையானது. ஆனால் அது ஏன் சரியான பதில் என்பதற்குப் பின்னால் நிறைய விஷயம் இருக்கிறது. ஸ்னோஸ்கேட் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பலகை. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஒற்றைத் தட்டு. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், அடியில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம், மேலே கால் வழுக்காத நுரைப்பரப்பு. ஸ்கேட்போர்டில் செய்கிற வித்தைகளையெல்லாம் பனியில் செய்ய இது. இன்னொன்று இரட்டைத் தட்டு. மேலே சாதாரண ஸ்கேட்போர்டு டெக், அதாவது நிற்கும் பலகை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், சக்கரத்தைத் தாங்கும் உலோக அச்சான ட்ரக் மட்டும் இருக்கும், அந்த ட்ரக்குக்குக் கீழே எஃகு விளிம்பு வைத்த குட்டையான ஸ்கீ ஒன்று. டெக்குக்கும் ஸ்கீக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. எடை மூன்று, நான்கு கிலோ வரும். பெரிய சரிவுகளில் விளிம்பைச் சாய்த்து வளைந்து வளைந்து இறங்க இதுதான் வசதி. லிஃப்ட் உள்ள மலைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரட்டைத் தட்டோடுதான் வருவார்கள். எஃகு விளிம்பு இல்லாத பலகையைப் பல மலைகள் உள்ளேயே விடுவதில்லை.

நான் இருப்பது மினசோட்டாவில். மலை என்று இங்கே சொல்வதைக் கேட்டால் கொலராடோக்காரர்கள் சிரிப்பார்கள். மினியாபொலிஸுக்குத் தெற்கே உள்ள பக் ஹில்லின் மொத்த உயரமே சுமார் 95 மீட்டர்தான். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வான் சிறுமியாக இருந்தபோது பயிற்சி எடுத்த இடம் அது, அதனால் யாரும் அதை ஏளனமாகப் பேச முடியாது. டுலூத்தில் உள்ள ஸ்பிரிட் மவுண்டன் அதைப்போல இரு மடங்கு உயரம். இப்படிக் குட்டி மலைகளில் ஒரு சிக்கல் உண்டு. கீழே வர ஒரு நிமிடம், மேலே போக நாலைந்து நிமிடம். அதாவது, சறுக்கும் நேரத்தைவிட லிஃப்டில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். ஒரே நாளில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கட்டிக் கழற்றி, கட்டிக் கழற்றி என்று போகும். கட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகும் ஏற்பாடு எதுவும் இங்கே உதவாது. அதோடு மைனஸ் 20 டிகிரியில் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும்.

சேர்லிஃப்டே ஸ்கீக்காக உருவான இயந்திரம் என்பதையும் சொல்ல வேண்டும். 1936இல் யூனியன் பசிபிக் ரயில்வே கம்பெனி ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரை உண்டாக்கியது. ரயிலில் ஆள் வர வேண்டுமே, அதற்காக. அந்தக் கம்பெனியின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், அதற்கு முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திர வேலையில் இருந்தவர். ஓடும் கம்பியில் கொக்கி, கொக்கியில் வாழைத்தார். கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் தாருக்குப் பதில் ஆளை ஏற்றலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சோதித்துப் பார்த்தது ஒமாஹாவில், அதுவும் கோடைக்காலத்தில். பனி ஏது? ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைத் தொங்கவிட்டு, லாரியை ஓட்டி, நிற்கும் ஆளை அள்ளிப் பார்த்தார்கள். வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஸ்கீயோடு நின்று பார்த்தார்கள், சரிவரவில்லை. அப்புறம் ரோலர் ஸ்கேட் போட்டுக்கொண்டு நின்றார்கள். அது வேலை செய்தது.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். காரணம், லிஃப்டின் தேவை என்ன என்பது அதிலேயே இருக்கிறது. நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலுக்குப் பின்புறம் தட்டும்போது காலடி முன்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மேலே போய் இறங்கும்போதும் அப்படித்தான். எழுந்து நின்றதும் காலடி தானாகவே சரிவில் நகர்ந்து நாற்காலியின் வழியைவிட்டு விலக வேண்டும். நடந்து விலக நினைத்தால் நேரம் போதாது. கம்பியோடு நிரந்தரமாகப் பிணைத்த பழைய ரக நாற்காலி விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும், நம்மை ஏற்றும் இடத்திலும் அதே வேகம்தான். கம்பியைவிட்டுக் கழன்று நிலையத்துக்குள் மெதுவாக ஊர்ந்து, மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பறக்கும் நான்கு பேர் நாற்காலி 1981இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில்தான் முதலில் வந்தது. அப்படிப்பட்ட லிஃப்டாக இருந்தால் கையில் பலகையோடு நடந்து ஏறிவிடலாம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். எங்கள் குட்டி மலைகளில் பழைய ரகம்தான் அதிகம்.

அக்கா பையனுக்கு முதன்முதலில் இதைக் கற்றுக்கொடுக்கும்போது அவன் கேட்டது நியாயமான கேள்விதான். “ஏன் மாமா, இதை மடியில வச்சுக்கிட்டுப் போனா என்ன? எதுக்கு இவ்ளோ பாடு?”

மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏறும்போது ஒரு கை பலகைக்கு, இன்னொரு கை நாற்காலிக்கு. பாதுகாப்புக் கம்பியை யார் இறக்குவது? பக்கத்தில் இருப்பவரின் ஸ்கீ கம்பு இடிக்கும். கையுறை வழுக்கும். மூன்றரைக் கிலோ பலகை எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர், அதன் நுனியில் எஃகு விளிம்பு. லிஃப்ட் பாதைக்குக் கீழேயே சறுக்கு வழி ஓடும் மலைகள் எத்தனையோ. கீழே போகும் குழந்தையின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் பையன் பேசாமல் இருந்துவிட்டான். மேலே இறங்கும்போதும் இதே கதை. கையில் பலகையோடு, வெறும் பூட்ஸில், உறைந்துபோன சரிவில் நடந்து இறங்க வேண்டும். பின்னால் அடுத்த நாற்காலி ஆளோடு வந்துகொண்டிருக்கும். வழுக்கி விழுந்தால் ஊழியர் லிஃப்டையே நிறுத்துவார். நிறுத்தினால் மலை முழுக்க எல்லாரும் அந்தரத்தில் குளிரில் தொங்குவார்கள், யாரால் என்று எல்லாருக்கும் தெரியும்.

“அதான் லீஷ் இருக்குல்ல?” என்றான் அடுத்ததாக. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். லீஷ் வேறு, லிஃப்டில் காலைப் பலகையோடு கட்டும் பட்டை வேறு.

லீஷ் என்பது பலகையிலிருந்து கால் அல்லது இடுப்புக்குப் போகும் கயிறு. நாம் விழுந்தபின் பலகை மட்டும் தனியாகக் கீழே ஓடாமல் தடுக்க அது. ஆளைவிட்டுக் கழன்ற ஸ்கீயோ ஸ்னோபோர்டோ நிற்பதற்கு வாரோ வேறு சாதனமோ இருந்தாக வேண்டும் என்று 1979இல் வந்த கொலராடோவின் ஸ்கீ பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் லிஃப்ட் வாசலில் எல்லாம் ஒட்டியிருக்கும் பொறுப்பு விதிகளிலும், 2022இல் பத்தாகத் திருத்தப்பட்ட அந்தப் பட்டியலிலும், சாமான் தனியே ஓடாமல் பார்த்துக்கொள் என்பது ஒன்று. ஸ்கீக்கு இப்போது தானே விரியும் பிரேக் இருக்கிறது, 1970களில் பரவியது. அதற்கு முன்பு ஸ்கீயையும் கணுக்காலோடு தோல்வாரால்தான் கட்டிவைத்தார்கள். விழுந்தால் ஸ்கீ கழலும், ஆனால் வாரில் தொங்கிக்கொண்டு சுழன்று சுழன்று வந்து ஆளையே வெட்டும். பிரேக் வந்ததும் வாரை எல்லாரும் தூக்கியெறிந்ததற்கு அதுதான் காரணம். ஸ்னோஸ்கேட்டுக்கு இன்னும் பிரேக் வரவில்லை. லீஷ்தான் கதி. அதனால் அந்தப் பழைய ஆபத்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

லீஷ் மட்டும் மாட்டிக்கொண்டு லிஃப்டில் உட்கார்ந்தால் பலகை கயிற்றில் தொங்கிச் சுழலும். ஏறும்போது பலகை காலடியில் நிலையாக இருக்காது. கயிற்றின் தொய்வு நாற்காலியில் எங்காவது சிக்கினால் இறங்கும் இடத்தில் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். முதுகுப்பையின் வார் சிக்கி ஆள் தொங்கிய சம்பவங்கள் லிஃப்ட் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆகவே லீஷ் எப்போதும் இருக்கட்டும், அதன் தொய்வைச் சுருட்டிப் பையிலோ பூட்ஸ் மேலுறைக்குள்ளோ செருகிவிட வேண்டும். காலைப் பலகையோடு சேர்க்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று என்ன என்பதில் ஆளுக்கொரு தீர்வு. பழைய ஸ்னோபோர்டு பைண்டிங்கில் விரல்பக்கம் இருக்கும், பல் பல்லாக இறுகும் பல்வாரைக் கழற்றி, டெக்கில் துளை போட்டு நிரந்தரமாகப் பூட்டிவிடுபவர்கள் உண்டு. கட்டுமானம் பிரமாதமாக இருக்கும், லிஃப்ட் ஊழியர்களும் பார்த்ததுமே தலையாட்டுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. சறுக்கும்போது கால் டெக் மேல் இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திட்டு துருத்திக்கொண்டிருந்தால் பலகையின் பாதி சந்தோஷம் போச்சு. துளை போட்டால் டெக்கின் மரத்துக்குள் ஈரம் இறங்கும் என்பது வேறு.

சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிறு மலிவு, எல்லார் காரிலும் கிடக்கும். அதைக் கொண்டுவருபவர்களும் அதிகம். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், வீட்டில் கச்சிதமாக இருந்த பிடி மலையில் இருக்காது. நுனியில் உள்ள கம்பிக் கொக்கி தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். வெல்க்ரோவும் முதல் இரண்டு ஏற்றத்துக்குப் பரவாயில்லை. அதன் முள்ளில் பனித்தூள் ஏறியபின் வெறும் துணிதான். பையில் இருக்கும் ‘க்ளிக்’ பக்கிளோடு நைலான் பட்டை வைத்தால், நைலான் ஈரத்தைக் குடிக்கும், குடித்தது உறையும், பட்டை குச்சியாகிவிடும். பக்கிளுக்குள் ஐஸ் சேர்ந்து பூட்டவும் முடியாது, சில சமயம் கழற்றவும் முடியாது. கழற்ற முடியாமல் போவதுதான் மோசம். ஏனென்றால் ஒரு கால் மட்டும் கட்டிய நிலையில் சரிவில் இறங்குவதைப்போல ஆபத்து வேறில்லை. இரண்டு காலும் கட்டியிருந்தால் சேர்ந்து விழும், இரண்டும் விட்டிருந்தால் தனித்தனியாகத் தப்பும். ஒன்று மட்டும் கட்டியிருந்தால் பலகை ஒரு நெம்புகோலாகி முழங்காலைத் திருகும். ஸ்னோபோர்டுக்காரர்கள் லிஃப்ட் இறங்கும் சரிவில் முட்டியை உடைத்துக்கொள்வது இப்படித்தான்.

கராபினர் கொக்கியால் பூட்ஸ் நாடாவைப் பலகையில் கோத்துக்கொண்டு வருபவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது குட்டை லீஷ், அவ்வளவே.

நான் இப்போது வைத்திருப்பது பாலியூரித்தேன் பட்டை. ஸ்கீக்காரர்கள் இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்ட வைத்திருப்பார்களே, வரிசையாகத் துளையும் ஒரு முனையில் சின்ன அலுமினிய பக்கிளும் கொண்டது, அதேதான். யூட்டா மாநிலத்து வொய்லே கம்பெனியின் பட்டைதான் அதில் பிரபலம். ரப்பர் மாதிரி நீளும், ஆனால் கடும் குளிரிலும் விறைக்காது. ஈரம் குடிக்காது. பக்கிளில் ஒரே ஓர் ஊசி, ஐஸ் ஒட்டினால் ஊதித் தட்டினால் போதும். கையுறையோடு மாட்டலாம். 25 அங்குலப் பட்டை என் டெக்குக்கும் பூட்ஸுக்கும் சரியாக இருக்கிறது. தடித்த பனி பூட்ஸ் போடுபவர்கள் இன்னும் நீளமானதை வாங்க வேண்டும்.

இரட்டைத் தட்டுப் பலகையின் அந்த நாலு விரல் இடைவெளி இங்கேதான் கைகொடுக்கிறது. பட்டையை டெக்குக்கு அடியில், ஸ்கீக்கு மேலே, குறுக்காக நுழைத்து, பூட்ஸின் மேல் கொண்டுவந்து மாட்டினால் முடிந்தது. பனியைத் தொடும் பரப்பில் எதுவும் வராது, துளை வேண்டாம், திருகு வேண்டாம். மேலே போனதும் இழுத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

காலை எந்தத் திசையில் வைப்பது என்பதைத்தான் நிறைய பேர் யோசிப்பதில்லை. சறுக்கும்போது கால் பலகைக்குக் குறுக்காக இருக்கும் என்பதால் லிஃப்டிலும் அப்படியே கட்டிவிடுகிறார்கள். ஸ்னோபோர்டில் வேறு வழி இல்லை, பைண்டிங் குறுக்காகத்தான் இருக்கிறது. அதனால்தான் அவர்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு கால் கோணிக்கொண்டு நொண்டி நொண்டி நகர்வார்கள், நாற்காலியில் அந்தப் பலகை பக்கத்து ஆளின் காலை இடிக்கும். ஸ்னோஸ்கேட்டில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. ஸ்கேட்போர்டைத் தெருவில் உந்தும்போது முன்கால் எப்படி இருக்கும்? விரல் முன்னால் பார்த்தபடி, பலகையின் நீளவாக்கில். அப்படியே வைத்துக் கட்ட வேண்டும். முட்டி நேராக இருக்கும், பலகை நேராக இருக்கும், பின்காலால் தெருவில் உந்துவதைப்போலவே உந்தி வரிசையில் நகரலாம். பைண்டிங் இல்லாத குறைக்கு இந்த ஒரு இடத்தில் ஸ்னோபோர்டைவிட நாம் மேல்.

முன்பின் எங்கே வைப்பது என்பது எடையைப் பொறுத்தது. முன் ட்ரக்குக்கு மேலேயே காலை வைத்தால் அந்தரத்தில் வால் பக்கம் தாழ்ந்து கணுக்காலை இழுக்கும். நான் இரண்டு ட்ரக்குக்கும் நடுவே, கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கிறேன். காலைத் தூக்கினால் பலகை கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும் இடம் எது என்று வீட்டில் ஒரு தடவை பார்த்து, டெக்கின் ஓரத்தில் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டால் பிறகு யோசிக்க வேண்டாம். பட்டை போக வேண்டிய இடம் பாதத்தின் மேல்வளைவு. விரல்மேல் போட்டால் குதிகால் எழும்பிப் பூட்ஸ் உருவிக்கொள்ளும். கணுக்காலில் போட்டால் வலிக்கும்.

எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் என் கருத்து மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. இறுக்க இறுக்க நல்லது என்கிறார்கள். தொங்கும் எடை மூன்றரைக் கிலோதான், அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. லிஃப்ட் கம்பியைத் தாங்கும் கோபுரத்தைத் தாண்டும்போது வரும் குலுக்கலையும் பக்கத்து ஸ்கீ இடிப்பதையும் சேர்த்தாலும் ஒரு சாதாரணப் பட்டை தாங்கும். பயப்பட வேண்டியது இறங்கும் இடத்தில் பலகையின் நுனி பனியில் குத்திச் சிக்கும் அந்த ஒரு கணத்துக்கு. அப்போது நாற்காலி நம்மைத் தள்ளும், பலகை நகராது. அங்கே கால் வெளியே வந்தாக வேண்டும். ஆக, காற்றில் விடக் கூடாது, தரையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நீளும் பட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போகிறது. காலை ஆட்டினால் பலகை ஆடாத அளவு இறுக்கம், பலமாகப் பிடுங்கினால் பூட்ஸ் உருவிவரும் அளவு நீட்சி. வீட்டில் இன்னொருவரைப் பலகை மேல் ஏறி நிற்கச் சொல்லி, காலை இழுத்து உருவிப் பார்த்துத்தான் எந்தத் துளையில் மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். பல்வார் பூட்டியவர்களிடம் எனக்கு உள்ள பெரிய ஆட்சேபமும் இதுதான். அது விடவே விடாது.

இனி ஏறுவது. வரிசையின் கடைசியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும், வாசலில் குனிந்து நிற்கக் கூடாது. டெக் தரையைவிட உயரம் என்பதால் கட்டிய காலின் முட்டி மடங்கியே இருக்கும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். நாற்காலி தட்டியதும் உட்கார்ந்து பலகையின் மூக்கைத் தூக்க வேண்டும். ஓரத்து இருக்கை கிடைத்தால் நல்லது. மேலே போகும்போது மற்ற பூட்ஸின் நுனியை ஸ்கீக்கு அடியில் கொடுத்துத் தாங்கினால் தொங்கும் காலுக்கு ஓய்வு. ஸ்னோபோர்டுக்காரர்கள் இதை எப்போதுமே செய்வார்கள், நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கால்மிதி வைத்த நாற்காலியாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கீயின் அடிப்பாகத்தை மிதிமேல் வைத்து உட்காரலாம், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் டெக்குக்கும் ஸ்கீக்கும் இடையில் உள்ள அந்தச் சந்துக்குள் மிதிக்கம்பி நுழைந்துகொண்டால், கம்பியை மேலே தூக்கும்போது கால் அதோடு சேர்ந்து மேலே போகும். உச்சி நெருங்குமுன் காலை மிதியிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டுத்தான் கம்பியைத் தூக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அவசரக்காரராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இதை எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது மூக்கை நேராக வைத்து, எழுந்து, பின்காலை டெக்கின் சொரசொரப்பில் ஊன்றி, நேரே வழுக்கிப் போக வேண்டும். திரும்ப முயலக் கூடாது, சரிவு முடியும்வரை நேர்கோடுதான். கூட்டத்தைவிட்டு ஒதுங்கியதும் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டு, லீஷைச் சரிபார்த்துவிட்டுப் போகலாம். பட்டையைக் கழற்றாமல் “ஒரு தடவைதானே” என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் அக்கா பையனுக்கே இப்போது கோபம் வருகிறது.

லிஃப்ட் ஊழியர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே மாநிலத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு சட்டம். ஒன்றில் லீஷும் எஃகு விளிம்பும் இருந்தால் போதும், இன்னொன்றில் காலில் கட்டியே ஆக வேண்டும், வேறொன்றில் ஸ்னோஸ்கேட் என்றாலே கிடையாது. ஒரே மலையில் காலையில் விட்டவர்கள் மதியம் ஆள் மாறியதும் விட மறுத்ததும் உண்டு. அந்த மலையின் பெயர் வேண்டாம். அந்த ஊழியர்கள் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். நாளெல்லாம் குளிரில் நின்று, ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்களோடு வாதாடுவதில் அர்த்தம் இல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் போய், பட்டையைக் கட்டி, காலைத் தூக்கி நன்றாக உதறிக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் என்னை ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார். குதித்துக் காட்டினேன். ரசித்தார் என்று நினைக்கிறேன்.

ஸ்னோபோர்டும் இந்த வாசலில் நின்றதுதான். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தன் பெண் குழந்தைகளுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துப் பூட்டிச் செய்த ‘ஸ்னர்ஃபர்’ பலகையில் பைண்டிங் கிடையாது, மூக்கில் ஒரு கயிறு மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு குழந்தைகள் கொல்லைப்புற மேட்டில் நடந்து ஏறி இறங்கினார்கள். ஜேக் பர்ட்டன் போன்ற ஸ்னோபோர்டு தயாரிப்பாளர்கள் அந்த வழியில் வந்த பலகைகளில் பைண்டிங்கையும் பிறகு எஃகு விளிம்பையும் சேர்த்த பிறகும் 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான மலைகள் அவர்களை லிஃப்டில் ஏற்றவில்லை. வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென்னில் 1948இல் போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்டின் வழித்தடத்தில் இன்றும் ஒற்றை நாற்காலிதான் ஓடுகிறது, ஸ்னோபோர்டுக்கு அங்கே இன்றும் அனுமதி இல்லை. அந்த வரலாற்றைப் பார்த்தால் எங்களை எவ்வளவோ பரவாயில்லாமல் நடத்துகிறார்கள்.

ஒற்றைத் தட்டுக்காரர்களுக்கு இந்தப் பட்டை அவ்வளவாக உதவாது. அடியில் இடைவெளி இல்லை, பட்டை நேரே பனியில் உரசும், வரிசையில் உந்த முடியாது. இறங்கும்போது அந்தப் பட்டையே பிரேக் ஆகிவிடும். மூக்குக்கும் வாலுக்கும் நடுவே பக்கவாட்டுத் துளை உள்ள பலகைகளில் வாரை மேலேயே கோக்கலாம், ஆனால் அப்படிப்பட்டவை குறைவு. அவர்களுக்கு ஏற்றது கயிற்றிழுவை. ஓடும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, பலகை மேல் நின்றபடியே மேலே போய்விடலாம். கட்டு, பக்கிள், ஊழியரின் கேள்வி எதுவும் இல்லை, விட்டால் நின்றுவிடும். அமெரிக்காவில் முதல் கயிற்றிழுவை 1934இல் வெர்மான்டின் உட்ஸ்டாக்கில் ஒரு கார் எஞ்சினில் ஓடியது. மற்ற பல இடங்களில் அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மினசோட்டாவில் ஹைலண்ட் ஹில்ஸ் போன்ற இடங்களில் இளசுகள் லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்காமல் நாள் முழுக்கக் கயிற்றிலேயே ஏறுகிறார்கள், அவ்வளவு வேகம். கையுறை தேய்ந்து ஓட்டையாகும், தோள் வலிக்கும். எனக்கு வயதாகிவிட்டதால் சேர்லிஃப்ட்.

கடைசியாக ஒன்று. பாலியூரித்தேன் பட்டை பழசாகும்போது துளை ஓரத்தில் வெடிப்பு விடும். சீசன் தொடங்கும்முன் வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். நான் ஜாக்கெட்டில் எப்போதும் உபரியாக ஒன்று வைத்திருக்கிறேன். அதை இதுவரை வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாருமே பூட்ஸ் பக்கிள் உடைந்த ஸ்கீக்காரர்கள்தான். அதில் பாதிப் பேர் திருப்பித் தரவில்லை.